சோர்வும் உள்ளத்தின் உரமும்: மைக்கேல் பாரடே வாழ்வு தரும் பாடம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் நான்கு அதிகாரங்களை 60 முதல் 63 வரை அடுத்தடுத்து அமைத்துள்ளார். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு ஒரே கருத்தை நான்கு முறை சொல்லியிருப்பதாகத் தோன்றலாம். சற்றே ஊன்றி நோக்கினால் வேறுபாடு விளங்கும். ஒரு செயலைத் தொடங்கத் தேவையான கிளர்ச்சி வேறு. சோம்பலை ஓட்டுவது வேறு. விடாது முயல்வது வேறு. முயன்றும் துன்பமே வந்து நிற்கும்போது மனம் உடையாதிருப்பது வேறு. நான்காவதே மிகவும் கடினமானது. முதல் மூன்றும் இருந்தும் நான்காவது இல்லாமையால் பாதி வழியில் நின்றவர் பலர்.

"மனவுறுதி வேண்டும்" என்ற அறிவுரையை நாம் மேடைதோறும் கேட்கிறோம். அந்த மனவுறுதி எங்கே கிடைக்கும், களைத்துப்போனவன் அதை எங்கே சென்று தேடுவான் என்று எடுத்துரைப்பவர் சிலரே. இக்கேள்விக்கு விடை காண விரும்பிய நான், அறிவியலறிஞர் மைக்கேல் பாரடேயின் வாழ்க்கையைத் துணையாகக் கொண்டேன். இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு அவர் ஒரு விதியின் பெயராகவே அறிமுகமானவர். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தினால் கால்வனாமீட்டரின் முள் அசைகிறது. அதைக் கண்டு, குறித்து, அடுத்த சோதனைக்குச் சென்றுவிடுகிறோம். அந்த முள் அசைவதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொல்லன் மகன்

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டன் மாநகரின் புறப்பகுதியில் பிறந்தார். தந்தை இரும்புக்கொல்லர், அடிக்கடி நோயுற்றுப் படுத்தவர். 1801ஆம் ஆண்டில் தானிய விலை உயர்ந்தபோது, பத்து வயதை எட்டாத அச்சிறுவனுக்கு வாரம் முழுமைக்கும் ஒரே ரொட்டி அளந்து கொடுக்கப்பட்டதாக அவருடைய வரலாறு கூறுகிறது. எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு ஆகியவற்றோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. 1804இல் ஒரு புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அங்குப் புத்தகம் கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சியாளர் ஆனார். கட்டுவதற்கு வந்த நூல்களையே அவர் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், மார்செட் அம்மையாரின் வேதியியல் உரையாடல் நூலும் அவ்வாறு அவர் கைக்கு வந்தவையே.

1810இல் தந்தை மறைந்தார். அக்காலத்தில் மாலை நேரங்களில் நடைபெற்ற அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்க ஒரு முறைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அத்தொகையைத் தந்தவர் அவருடைய அண்ணன். அவரும் கொல்லுத் தொழில் செய்தவரே. 1812இல் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு, கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டால் கிட்டியது. கேட்டவற்றை எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். முதலில் இடமில்லை என்ற விடையே கிடைத்தது. பின்னர் 1813 மார்ச் மாதத்தில், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில், இலண்டன் இராயல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

இப்பகுதியை நான் படித்தபோது என்னைத் தொட்டது பாரடேயின் ஆர்வம் மட்டுமன்று. அந்த அண்ணனின் ஷில்லிங்குமே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். தந்தை காய்கறி மண்டியில் மூட்டை சுமப்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு அதே மண்டியில் சிட்டை எழுதிவிட்டு, எட்டு மணிப் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்கு வருகிறேன். முதல் பாடவேளையில் கண் செருகுவது எனக்கு மட்டும் உரிய துன்பமன்று. நம் வகுப்பறையின் பின் வரிசைகளில் உள்ள பலருக்கும் பொதுவானது. ஒருவன் படிக்கிறான் என்றால், அவன் பின்னே யாரோ ஒருவர் ஷில்லிங் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது பொருள். உள்ள உரம் தனி ஒருவனின் உள்ளத்தில் மட்டும் ஊறுவதன்று என்பதற்கு இது முதற்சான்று.

அசையாத முள்

மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகிறது என்பதை 1820இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஆர்ஸ்டெட் வெளியிட்டார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமாயின், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதோ? இவ்வினா அக்கால அறிஞர் பலரையும் ஆட்கொண்டது. பாரடே 1825இலும் 1828இலும் சோதனைகள் செய்தார். ஒரு கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அருகிலுள்ள மற்றொரு கம்பியில் மின்சாரம் தோன்றுகிறதா எனப் பார்த்தார். முள் அசையவில்லை. விளைவு இல்லை என்பதையும் விளைவைப் போலவே தேதியிட்டு எழுதி வைத்தார்.

ஜெனீவாவில் கொல்லாடன் என்னும் அறிஞரும் 1825இல் இதே தேடலில் ஈடுபட்டார். பெரிய காந்தம் தம் கருவியின் ஊசியை நேரடியாகத் திருப்பிவிடக்கூடாது என்று எண்ணி, கருவியை வேறோர் அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளருகே கொண்டு சென்று, பின் அடுத்த அறைக்கு நடந்து சென்று பார்த்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஊசி அசைந்து ஓய்ந்திருந்தது! மாறாத காந்தம் மின்சாரத்தைத் தருவதில்லை. காந்தப்புலம் மாறும் அந்தக் கணத்தில்தான் மின்னியக்கு விசை தோன்றுகிறது. இதை இன்று நாம் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அன்று அனைவரும் நிலையான விளைவையே எதிர்பார்த்துக் காத்திருந்தனர்.

1831 ஆகஸ்டு 29ஆம் நாள் பாரடே, ஆறு அங்குல விட்டமுள்ள தேனிரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் கம்பிகளைச் சுற்றினார். ஒரு பக்கத்தை மின்கல அடுக்கோடு இணைத்தார். மறுபக்கத்தின் அருகிலிருந்த ஊசி துடித்துப் பின் நின்றது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் துடித்தது. அப்போது அவருக்கு நாற்பது வயது நிறைவடையச் சில வாரங்களே இருந்தன. உடனே அவர் வெற்றி முரசு கொட்டவில்லை. தாம் இழுத்தது மீனாக இல்லாமல் வெறும் பாசியாகவும் இருக்கலாம் என்னும் கருத்துப்பட நண்பருக்கு எழுதிவிட்டுச் சோதனைகளைத் தொடர்ந்தார். அக்டோபர் 17இல் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தி மின்சாரம் கண்டார். அதே மாதம் 28ஆம் நாள், வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டம் பெற்றார். இன்று நம் இல்லங்களில் எரியும் விளக்குகளுக்கு அனல், புனல், அணு மின் நிலையங்களிலிருந்து வரும் மின்சாரம் இக்கண்டுபிடிப்பின் வழிவந்ததே.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பாரடே அத்தனை ஆண்டுகளும் இரவு பகலாக இதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார் அல்லர். முயன்றார், தோற்றார், எழுதி வைத்தார், வேறு வேலையைப் பார்த்தார், பின் திரும்பி வந்தார். விடாமுயற்சி என்றால் ஒரே சுவரில் ஓயாமல் முட்டிக்கொள்வது என்று நாம் தவறாக எண்ணுகிறோம். திரும்பி வருவதற்கு வழியை அடைக்காமல் வைத்திருப்பதே விடாமுயற்சி.

வீணாகாத கண்ணாடி

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பார்த்த வேறு வேலைகளுள் ஒன்று கண்ணாடி உருக்குதல். தொலைநோக்கிகளுக்கான உயர்ந்த கண்ணாடியை உருவாக்கும் பணி 1820களில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இராயல் நிறுவனத்திலேயே உலை அமைக்கப்பட்டது. சார்லஸ் ஆண்டர்சன் என்ற முன்னாள் படைவீரர் அப்பணிக்கு உதவியாக வந்தார். ஆண்டுகள் கழிந்தன, வேண்டிய தரத்தில் கண்ணாடி அமையவில்லை. 1831ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இவ்வேலையை ஒதுக்கி வைக்க இசைவு வேண்டிப் பாரடே எழுதினார். அடுத்த மாதமே வளையச் சோதனை நிகழ்ந்தது என்பதை நோக்கும்போது, ஒரு சுமையை இறக்கி வைப்பதும் சில வேளைகளில் முயற்சியின் ஒரு பகுதியே என்பது புலனாகும்.

கண்ணாடி உருக்கிய ஆண்டுகள் வீணாயினவா? ஒளிக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1822இலேயே அவர் சோதனை செய்து ஒன்றும் காணாமல் விட்டிருந்தார். 1845இல், 21 வயதே நிரம்பிய வில்லியம் தாம்சன் எழுதிய கடிதம் அவ்வெண்ணத்தை மீண்டும் தூண்டியது. பல பொருள்களின் வழியே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தி, அவற்றைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்த்தார். சாதாரணக் கண்ணாடிகளில் எதுவும் தென்படவில்லை. அப்போது அவர் கைக்கு வந்தது முன்னாளில் தாம் உருக்கிய ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டு. 1845 செப்டம்பர் 13ஆம் நாள், அக்கண்ணாடியில் ஒளியின் அதிர்வுத்தளம் காந்தத்தால் சுழன்றது! இன்று அது 'பாரடே விளைவு' எனப்படுகிறது. அதே கண்ணாடித் துண்டை நவம்பர் மாதத்தில் காந்த முனைகளிடையே தொங்கவிட்டபோது, அது காந்தத்தால் விலக்கப்படுவதைக் கண்டார். டயாகாந்தப் பண்பு பல பொருள்களில் காணப்படுவதை அவர் ஆராய்ந்து நிறுவ அதுவே தொடக்கமாயிற்று.

தொலைநோக்கிக்கு உதவாத கண்ணாடி, இரண்டு பெரும் உண்மைகளைக் காட்டியது. எல்லாத் தோல்வியும் பின்னாளில் பயன்தரும் என்று நான் கூற வரவில்லை, அது உண்மையன்று. ஆனால் தூக்கி எறிந்த கண்ணாடி ஒருநாளும் உதவியிராது. நம் செய்முறைப் பதிவேடுகளில் சரியான அளவீடுகளுக்கு மட்டுமே இடமுண்டு. சரிவராதவை கசங்கிய தாளோடு குப்பைக்குப் போகின்றன. பாரடேயின் நாட்குறிப்பிலோ, 1832 முதல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள் எண்ணிட்டு எழுதப்பட்டுள்ளன. கண்டதும் அதிலுண்டு, காணாததும் அதிலுண்டு.

உடலும் மனமும் ஓய்ந்த காலம்

பெருஞ்சாதனையாளர் என்றால் சோர்வே அறியாதவர் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். 1839ஆம் ஆண்டின் இறுதியில் பாரடேயின் உடல்நலம் சீர்குலைந்தது. தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. மருத்துவர் ஓய்வு கொள்ளச் சொன்னார். நிறுவனத்தார் அவருடைய கடமைகளைத் தளர்த்தினர். ஆராய்ச்சிப் பணி சில ஆண்டுகள் பெரும்பாலும் தடைப்பட்டது.

1841ஆம் ஆண்டு கோடையில் மனைவி சாராவுடன் சுவிட்சர்லாந்து சென்றார். மூளை ஓய்ந்திருந்தாலும் கால்கள் ஓயவில்லை. மலைவழிகளில் ஒரே நாளில் 40 மைலுக்கு மேலும் நடந்திருக்கிறார். அங்கே ஓர் ஊரில் ஆணி அடிக்கும் பட்டறையைக் கண்டு நின்றார். பட்டறை என்றாலே தமக்கு விருப்பம் என்றும், தம் தந்தை ஒரு கொல்லர் என்றும் பயணக் குறிப்பில் எழுதினார். உலகப் புகழ் பெற்ற பின்னரும், களைத்த காலத்தில் அவர் மனம் தந்தையின் உலைக்களத்தில் சென்று இளைப்பாறியது. பிறப்பையும் குடும்பத் தொழிலையும் மறைத்துக்கொள்ள விழையும் நம்மில் சிலர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மறைப்பதற்குச் செலவாகும் ஆற்றல் படிப்புக்குச் செலவாகலாமன்றோ?

மறதி அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை. ஆனால் எண்ணிட்ட குறிப்பேடுகள் இருந்தன. தம் நினைவு கைவிட்ட இடத்தில் தாமே எழுதியது கைகொடுத்தது. பாரடே விளைவும் டயாகாந்தமும் இந்த நோய்க்காலத்துக்குப் பின் வந்தவை என்பதை நினைக்க வேண்டும். ஆண்டர்சனும் தம் இறுதிக்காலமாகிய 1866 வரை அவருக்குத் துணைநின்றார். குறிப்பேடு, துணைவர், ஓய்வு ஆகிய மூன்றும் இல்லாதிருப்பின், உறுதி மிக்க அவர் உள்ளமும் என்ன செய்திருக்கும்?

வெல்லாத முயற்சிகள்

பாரடேயின் முயற்சிகள் எல்லாம் வென்றன என்று முடித்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் நம்பினார். 1849இல் பொருள்களை உயரத்திலிருந்து விழச்செய்து மின்சாரம் தோன்றுகிறதா எனப் பார்த்தார். 1859இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஈயக் குண்டு வார்க்கும் உயர்ந்த கோபுரத்தில் மீண்டும் முயன்றார். இரண்டிலும் விளைவு இல்லை. இறுதியாக எழுதிய கட்டுரையை, அறிஞர் ஸ்டோக்ஸின் அறிவுரையை ஏற்று வெளியிடாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1862 மார்ச்சு 12ஆம் நாள், எழுபது வயதில், சுடரின் நிறமாலைக் கோடுகளைக் காந்தம் மாற்றுமா என்று சோதித்தார். மாற்றம் தென்படவில்லை. 1867 ஆகஸ்டு 25இல் அவர் காலமானார். அந்தப் பலிக்காத சோதனையைப் பற்றிப் படித்த டச்சு நாட்டு இளைஞர் பீட்டர் சீமன், சிறந்த கருவிகளைக்கொண்டு 1896இல் அதே வினாவை எழுப்பினார். கோடுகள் அகன்றன! அதற்காக 1902இல் லாரன்சுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாரடேயின் வினா சரியானதே. அவர் கருவியின் நுட்பம் போதவில்லை. தோல்வி என்று நாம் அழைப்பது சில வேளைகளில் கருவியின் குறையே தவிர, மனிதனின் குறையன்று.

நமக்குரிய பாடம்

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, இங்கு ஆங்கில நூல்களின் முன் அமரும்போது நம்மில் பலருக்கு ஏற்படும் மலைப்பை நான் நன்கு அறிவேன். முதல் பருவத்தில் கணிதத் துணைப்பாடத்தில் தேர்ச்சி பெறாதோர் பட்டியலில் என் எண்ணும் இருந்தது. பாரடேக்கும் உயர்கணிதம் கைவந்ததில்லை. அவர் விசைக்கோடுகளாகக் கண்டதை மாக்ஸ்வெல் 1850களில் கணிதமாக்கத் தொடங்கினார். பேச்சும் எழுத்தும் திருந்த வேண்டி, பாரடே இளமையில் ஐந்தாறு நண்பர்களோடு மாலையில் கூடி ஒருவர் படிக்க மற்றவர் திருத்துமாறு பழகினார். அதைப் படித்த பின், நாங்கள் நால்வர் உணவு இடைவேளையில் புங்கமரத்தடியில் அமர்ந்து நாளுக்கு இரண்டு கணக்குகள் போட்டுப் பார்க்கத் தொடங்கினோம். இரண்டே இரண்டு. களைத்த நாளிலும் முடியும் அளவு அதுவே. மறுதேர்வில் நால்வரும் தேறினோம்.

எங்கள் வகுப்பில் முதலாண்டு சேர்ந்தவர்களுள் இருவர் இன்று எங்களோடு இல்லை. ஒருவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றான், மற்றவளுக்குத் திருமணமாயிற்று. அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இருவரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். ஷில்லிங் கொடுக்க அண்ணன் இல்லாதபோது, ஓய்வு அளிக்க நிறுவனம் இல்லாதபோது, உறுதியை மட்டும் கேட்பது நியாயமன்று. நண்பன் இரு நாள் வரவில்லை என்றால் அவன் வீட்டுக்குப் போய் விசாரிப்பதும், குறிப்புகளைக் கொடுத்து உதவுவதும் இரக்கச் செயல்கள் மட்டும் அல்ல. அவனுடைய உள்ள உரத்தின் ஒரு பங்கை நாம் சுமப்பதாகும். வகுப்பில் கண் அயர்ந்தவனை எழுப்பும் முன், "நேற்று எப்போது தூங்கினாய்?" என்று கேட்ட பேராசிரியப் பெருமக்களும் நமக்குண்டு. அந்த ஒரு கேள்வி பல அறிவுரைகளுக்கு ஈடாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் உள்ள உரம் என்பது அணையா விளக்கன்று என்பது தெளிவு. அது அணையும், யாருக்கும் அணையும். மீண்டும் ஏற்றுவதற்குத் திரியும் எண்ணெயும் பக்கத்தில் இருக்கின்றனவா என்பதே கேள்வி. இன்று செய்ததை, செய்து பலிக்காததையும் சேர்த்து, தேதியிட்டு எழுதி வைத்தல், களைத்த நாளிலும் முடியக்கூடிய சிறிய அளவை வகுத்துக்கொள்ளுதல், வெட்கமின்றி ஓய்வெடுத்தல், துணைவரைத் தேடிக்கொள்ளுதல், பிறர்க்குத் துணையாதல் ஆகியவையே அத்திரியும் எண்ணெயும்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஆய்வகத்தில் காந்தத்தைக் கையில் எடுத்துச் சுருளுக்குள் செலுத்தும்போது, முள்ளை மட்டும் பாராதீர்கள். அது அசையாது நின்ற ஆண்டுகளையும் நினையுங்கள். உங்கள் முள் இன்று அசையவில்லையெனில், "இன்று விளைவு இல்லை" என்று எழுதித் தேதியிடுங்கள். பிறகு குறிப்பேட்டை மூடிவிட்டு நன்றாக உறங்குங்கள். நாளை அதைத் திறக்க வேண்டுமல்லவா!